இனேஷ் மறுபடி ஆடிய ஞாயிறு

மே மாதத்தின் முதல் சனிக்கிழமை பிற்பகலில் ஹீத்ரோவில் இறங்கினேன். நாகர்கோவிலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இங்கே தூறலும் கழுத்துக்குள் புகும் காற்றும். எலிசபெத் லைன் ரயிலில் ஏறி, வைட்சேப்பலில் மாறி, குட்மேய்ஸ் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடைமேடையில் ரீட்டா நின்றிருந்தாள். மன்னாரிலிருந்து அகதியாக வந்து, திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது இங்கே ஒரு மருத்துவமனை வார்டில் வேலை. கல்லூரிக்குப் பிறகு தொலைபேசியில் மட்டுமே பேசி வந்தோம்.

"நீ கொஞ்சமும் மாறேல்லையடி செல்வி," என்றாள். பொய்தான், ஆனாலும் பிடித்திருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போதே மறுநாள் திட்டத்தைச் சொல்லிவிட்டாள். "மேலறையிலை ஒரு போர்த்துக்கல் பிள்ளை இருக்கிறா. மகன்மார் போனாப் பிறகு அறை சும்மாதானே கிடந்தது. ஃபுட்போல் விளையாடுறவ. நாளைக்கு மேட்ச். நீயும் வாறாய்."

"நான் இன்னும் பெட்டியைக்கூடத் திறக்கலையே."

"பெட்டி எங்கை போகப் போகுது?"

இரவுச் சாப்பாட்டுக்கு அந்தப் பெண் இறங்கி வந்தாள். பெயர் இனேஷ், வயது முப்பத்திரண்டு. வலது முழங்காலில் நீளமான தழும்பு. பிட்டையும் மீன் குழம்பையும் கையால் பிசைந்து சாப்பிட்டாள். ரீட்டா மறுபடி வைக்கப் போனபோது, "காணும் அக்கா, காணும்," என்று தட்டை மறைத்தாள். மற்றபடி எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான்.

நான் கடலோரத்து ஊர் ஒன்றில் பெண்கள் பள்ளி ஆசிரியை. எங்கள் கடற்கரையிலும் பந்துதான் பேச்சு. அதனால் எப்போது ஆடத் தொடங்கினாய் என்று கேட்டேன். போர்ட்டோவுக்கு வடக்கே ஒரு சிற்றூரில், ஆறு வயதில், பையன்களோடு என்றாள். பெரிய பிள்ளையானதும் பையன்கள் அணியில் இடமில்லை என்றுவிட்டார்கள். பெண்கள் அணி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ரொட்டி வண்டி ஓட்டிய அப்பா, வேலை முடிந்த பிறகு அதே வண்டியில் கூட்டிப் போனார். பதினேழில் லிஸ்பன் போனாள். பகலில் செருப்புக் கடை, மாலையில் பயிற்சி. ஆட்டத்துக்குச் சம்பளம் வந்தபோது இருபத்து மூன்று வயது. பிறகு ஸ்பெயின். தேசிய அணிக்கும் சில ஆட்டங்கள். லண்டனுக்கு வந்த முதல் பருவத்திலேயே முழங்காலுக்குள் தசைநார் அறுந்தது. குணமாகித் திரும்பினாள். மறுபடியும் அறுந்தது.

"நாளைதான் பருவத்தின் கடைசி ஆட்டம். மாற்று ஆட்டக்காரர்களில் என் பெயரும் இருக்கிறது. ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. நாளை இறக்கவில்லையென்றால், வேறெந்த அணியும் இந்தக் காலை நம்பி என்னை எடுக்காது," என்றாள். யாரையும் குறை சொல்லும் குரலில்லை அது.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் புறப்பட்டோம். இனேஷ் அணியின் பஸ்ஸில் முன்பே போய்விட்டாள். ஆட்டம் எதிரணியின் மைதானத்தில், தெற்கு லண்டனில், ஸ்ட்ரெதம் பக்கம். தண்டவாள வேலை காரணமாக ஸ்ட்ராட்ஃபோர்ட் வரை ரயிலுக்குப் பதில் பஸ் விட்டிருந்தார்கள். அது ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று ஊர்ந்தது.

"இண்டைக்குப் பார்த்துத்தானே வேலை செய்யோணும்?" என்றாள் ரீட்டா. கையில் செபமாலை ஓடிக்கொண்டிருந்தது.

ஃபாரிங்டனில் மாறி ஸ்ட்ரெதமில் இறங்கும்போது ஆட்டம் தொடங்கியிருந்தது. ஓடினோம். நுழைவுச் சீட்டு எட்டு பவுண்டு. சின்ன மைதானம். ஒரு பக்கம் மட்டும் கூரை, மற்ற பக்கங்களில் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். காகிதக் கோப்பைத் தேநீரோடு குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். எதிரணி ஒரு கோல் முன்னால் இருந்தது. இனேஷ் மேலங்கியோடு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் பாதி பாதியளவு போன பிறகுதான் அவளை எழுப்பினார்கள். ரீட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் பந்தையே இனேஷ் தப்பாகத் தட்டிவிட்டாள். அது நேரே எதிரணிக்குப் போயிற்று. இரண்டாவதும் சரியில்லை. பிறகு நடுக்களத்தில் ஒருத்தி காலைச் சறுக்கிக்கொண்டு வந்து அவளைச் சாய்த்தாள். விழுந்தவள் வலது முழங்காலைப் பிடித்தபடி கிடந்தாள்.

"மாதாவே," என்றாள் ரீட்டா, மெதுவாக. "என்னாலை பார்க்க ஏலாது. என்ன செய்யிறா எண்டு நீ சொல்லு."

"உட்கார்ந்துட்டா. காலை மடக்குறா. நீட்டுறா." பிறகு சொன்னேன், "எழுந்துட்டா."

அதற்குப் பிறகு ஆடியவள் வேறொருத்தி போலிருந்தாள். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்ப்பாள். பந்து காலுக்கு வரும்போது அது அடுத்து எங்கே போக வேண்டும் என்பது முடிவாகியிருக்கும். வேகமாக ஓடவில்லை. மற்றவர்கள்தான் அவள் தட்டிய பந்துக்கு ஓடினார்கள். கடைசி நிமிடங்களில் அவள் இடப்பக்கம் நீளமாக அனுப்பிய பந்திலிருந்து சமநிலைக் கோல் விழுந்தது. போட்டவளைச் சுற்றி எல்லோரும் குவிந்தார்கள். இனேஷ் நடுவட்டத்திலேயே நின்று மூச்சு வாங்கினாள்.

ஆட்டம் முடிந்ததும் கம்பியருகே வந்தாள். முகமெல்லாம் மண்.

"ஒப்பந்தத்தைப் பற்றி ஏதும் சொன்னவையோ?" என்று ரீட்டா தமிழிலேயே கேட்டாள். ஒப்பந்தம் என்ற சொல் தெரியாவிட்டாலும் இனேஷுக்குக் கேள்வி புரிந்தது.

"இன்னும் இல்லை அக்கா. ஆனால் எழுந்த பிறகு ஒருமுறைகூட முழங்காலைப் பற்றி நினைக்கவில்லை. அவர்கள் வேண்டாம் என்றால் கீழ்ப் பிரிவில் ஆடுவேன். ஆடாமல் போக மாட்டேன்."

அடுத்த பத்து நாளில் லண்டனுக்கு வருகிற எல்லோரும் பார்ப்பவற்றை நானும் பார்த்தேன். கோபுரம், பாலம், அரண்மனை வாசல். தினமும் திரும்பி வந்ததும் முதல் கேள்வி மேலறையைப் பற்றித்தான். தகவல் இல்லை. இனேஷ் குட்மேய்ஸ் பூங்காவில் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள்.

நான் கிளம்பும் நாள் காலையில் அவள் ஒரு நீளமான மரப்பலகையைத் தோளில் சுமந்து வீட்டுக்குள் வந்தாள்.

"அக்கா, என் அறைச் சுவரில் துளை போடலாமா? புத்தகமெல்லாம் தரையில் கிடக்கிறது."

ரீட்டா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "எவ்வளவு காலத்துக்கு?"

"ஒரு வருடம். பிறகு இன்னொன்றுக்கும் பேசலாம் என்கிறார்கள். காலையில்தான் கையெழுத்துப் போட்டேன்."

ரீட்டா முந்தானைக்குப் பதில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியில் துளைக்கருவியைத் தேடத் தொடங்கினாள். பலகையை நான் பிடித்துக்கொள்ள, இனேஷ் திருகாணிகளை முடுக்கினாள். கொஞ்சம் சாய்வாகத்தான் வந்தது.

விமானம் ஏறியதும் எங்கள் பள்ளி நினைவு வந்தது. ஆறாம் வகுப்பில் மைதானம் முழுக்கப் பெண்பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் ஒவ்வொருத்தியாக நின்றுவிடுகிறார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்வதில்லை; இருக்கச் சொல்லவும் ஆளில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது நான் இருக்கச் சொல்லப் போகிறேன்.