இருபத்தைந்தாவது ஆள்

எங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஊர்ப் பெரியோரின் அயராத முயற்சியால் இது உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பெரியோரில் ஒருவருக்கு அப்போது வயது பதினைந்து. என் அம்மாவின் அக்கா, என் பெரியம்மா. அவரும் அயராமல்தான் முயன்றார். ஆனால் அவர் முயற்சியெல்லாம், ஆய்வுக்கு வரவேண்டிய அதிகாரி வந்துவிடக் கூடாதே என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்ததுதான்.

பெரியம்மா இப்போது ஊருக்கு வெளியே லாரி எடை மேடையில் வேலை பார்க்கிறார். மேடையில் லாரி ஏறி நின்றதும் கண்ணாடி ஜன்னலைத் தள்ளி, டிரைவரை இறங்கச் சொல்வார். இறங்கச் சோம்பல்படுகிறவர்களிடம், "நீங்க சரக்கா, ஆளா? சரக்குன்னா உக்காந்துக்கங்க, சேர்த்துப் போட்டுடறேன்" என்பார். இறங்கிவிடுவார்கள். இந்த வேலைக்குப் பத்தாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். அவர் தேறிய கதைதான் எங்கள் பள்ளியின் கதையும்.

நாற்பது வருஷத்துக்கு முன் இங்கே ஒன்பதாம் வகுப்பு வரைதான் இருந்தது. பத்து படிக்க வேண்டுமென்றால் பஸ் ஏறிப் பெரிய ஊருக்குப் போகவேண்டும். பெரியம்மா ஒன்பதோடு நின்றுவிட்டார். வீட்டில் மாவு மில். தாத்தா மெஷினைப் பார்த்துக்கொள்ள, கொண்டு வருகிற தானியத்தை நிறுத்து வாங்க ஓர் ஆள் வேண்டும். அது போதாதென்று அந்த வருஷம் வீட்டில் ஒரு கைக்குழந்தை வேறு. அந்தக் கைக்குழந்தை என் அம்மா. இடுப்பில் தங்கச்சி, கையில் தராசு என்று பெரியம்மாவின் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அப்போதுதான் பத்தாம் வகுப்பு தொடங்கத் தற்காலிக அனுமதி வந்தது. அதிகாரி நேரில் வந்து எண்ணும்போது வகுப்பில் இருபத்தைந்து பேர் இருந்தால்தான் அது நிலைக்கும். ஹெட்மாஸ்டர் தெருத்தெருவாக அலைந்து இருபத்துநாலு பேரைச் சேர்த்துவிட்டார். ஒரு தலை குறைந்தது. மில்லுக்கு வந்தார். வெறும் கையோடு வந்து கேட்கக் கூச்சம் போலிருக்கிறது, அரைக்க ஒரு டின் கோதுமையும் கொண்டு வந்தார்.

"ஒரே நாள்தான். அதிகாரி எண்ணிட்டுப் போயிடுவாரு. உங்க பொண்ணு வந்து உக்காந்தாப் போதும்."

தாத்தாவுக்கு ஹெட்மாஸ்டர் மேல் மரியாதை உண்டு. பக்கத்து வீட்டுக்கு ஏணியை இரவல் கொடுப்பது போலச் சரி என்றார். "சாயங்காலம் பத்திரமா திருப்பி அனுப்பிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

பெரியம்மா போய் உட்கார்ந்தார். பத்தாம் வகுப்பு என்பது பழைய பெஞ்சுகள் போட்டு வைத்திருந்த அறை. அந்தப் பெஞ்சுகளையே துடைத்துப் போட்டிருந்தார்கள். ஓடு விலகிய இடத்தில் வெயில் வட்டமாக விழும். அந்த வட்டத்துக்குத் தகுந்தாற்போல் பிள்ளைகள் நகர்ந்து உட்காருவார்கள். ஹெட்மாஸ்டர் அறையும் அறிவியல் கூடமும் ஒன்றுதான். அங்கே நின்ற எலும்புக்கூட்டின் கையில் குடை மாட்டியிருந்தது. அதிகாரி வரவில்லை. ஜீப் பழுதாம்.

மறுநாள் ஹெட்மாஸ்டர் இன்னொரு டின்னோடு மில்லுக்கு வந்தார். அதற்கடுத்த வாரம் பாலத்தில் தண்ணீர். பிறகு அந்த அதிகாரியே மாற்றலாகிப் போனார். புதியவர் வந்து நாற்காலியில் உட்கார வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு டின். ஹெட்மாஸ்டர் வீட்டில் அத்தனை மாவையும் என்ன செய்தார்களோ தெரியாது. ஒரு நாள் அவர் மனைவியே மில்லுக்கு வந்து, இனிமேல் சார் டின்னோடு வந்தால் அரைக்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

இதற்குள் வகுப்பில் பெரியம்மாவுக்கு 'இருபத்தஞ்சு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். காத்திருக்கிற நாளைச் சும்மா கழிப்பானேன் என்று கணக்கோடு அறிவியலும் எடுக்கிற வாத்தியார் பாடத்தை ஆரம்பித்திருந்தார். முதலில் பெரியம்மா ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு நாள் நெம்புகோல் பாடம் வந்தது. தான் தினம் தூக்கும் தராசுக்கு உள்ளே இப்படி ஒரு கணக்கு இருக்கிறதா என்று அவருக்குத் திகைப்பு. அன்றிலிருந்து, வராத அதிகாரி இன்னும் கொஞ்சம் வராமலே இருக்கட்டும் என்று வேண்ட ஆரம்பித்தார். அவர் வந்தால் பள்ளிக்கு அனுமதி கிடைக்கும். பெரியம்மா மில்லுக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு மாலை உறுதியான தகவல் வந்துவிட்டது, நாளைக்கு அதிகாரி வருகிறார் என்று. பள்ளியே பரபரத்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், எலும்புக்கூட்டின் கையிலிருந்து குடையை எடுத்தார்கள். வீட்டில் பாட்டி, "நாளையோட முடிஞ்சுது, என் இடுப்பு தப்பிச்சுது" என்று குழந்தையைத் தொட்டிலில் போட்டார். வயிற்று வலி என்று படுத்துவிட்டால் என்ன என்று பெரியம்மா நினைத்துப் பார்த்தார். படுத்தால் இருபத்துநாலு. வகுப்பே போய்விடும், தனக்கும் சேர்த்து. காலையில் தலையை அழுந்த வாரிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதிகாரி ஒல்லியான மனிதர். பென்சில் முனையால் ஒவ்வொரு தலையாகச் சுட்டி எண்ணினார். இருபத்தைந்து. ஹெட்மாஸ்டர் மூச்சு விட்டார். எல்லா அதிகாரிகளும் கேட்கிற கேள்வியை இவரும் கேட்டார்: படித்து என்ன ஆகப் போகிறீர்கள்? டாக்டர், என்ஜினீயர், போலீஸ் என்று வரிசையாக வந்தது. கடைசி பெஞ்சில் பெரியம்மா எழுந்தார்.

"நாளைக்கு மில்லுக்குப் போகப் போறேன் சார்."

ஹெட்மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, புரியவில்லையே என்றார்.

"நீங்க எண்ணுற வரைக்கும்தான் எங்கப்பா என்னை அனுப்பியிருக்காரு. எண்ணிட்டீங்க." பெரியம்மா உட்காராமல் இன்னொன்றும் கேட்டார். "பரீட்சை முடிஞ்சப்புறம் வந்து எண்ணக் கூடாதா சார்?"

அதிகாரி ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் எலும்புக்கூடு இருக்கும் அறைப் பக்கம் பார்த்தார். வைத்த டீயைக் குடிக்காமலே அதிகாரி, மில் எங்கே இருக்கிறது என்று கேட்டு நடக்க ஆரம்பித்தார். ஹெட்மாஸ்டரும் பின்னாலேயே ஓடினார்.

மெஷின் ஓடினால் காதில் எதுவும் விழாது. தாத்தா அதை நிறுத்திவிட்டு, மாவு படிந்த கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார். அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. அனுமதி தருவதாகச் சொன்னார். ஆனால் பரீட்சைக்குள் மறுபடி வருவாராம். அன்றைக்கு ஒரு தலை குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவாராம்.

"தாராளமா வாங்க. தேதியைச் சொல்லிடுங்க, அன்னைக்கு அனுப்பி வைக்கிறேன்" என்றார் தாத்தா.

"தேதி சொல்லிட்டு வந்தா அது ஆய்வு இல்லைங்க, விருந்து."

தாத்தா ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் கையை விரித்தார். மில்லில் அரைக்க நின்றிருந்த நாலு பேரும் தாத்தாவைப் பார்த்தார்கள். அந்த நாலு பேரின் பிள்ளைகளும் அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு வர வேண்டியவர்கள். உன் பெண்ணால் வகுப்பு போனது என்று ஊர் சொல்லுமே என்பது தாத்தாவுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். சரி என்று தலையசைத்துவிட்டு மெஷினைப் போட்டார்.

அதன்பின் தாத்தாவைப் பிடித்த பயம் பெரியம்மாவுக்கு வசதியாகப் போயிற்று. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், "நீ இன்னும் கிளம்பலையா?" என்று விரட்டுவார். காய்ச்சல் நாளில்கூடப் போர்வையைச் சுற்றி சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். குழந்தை மில்லிலேயே சாக்குகளுக்கு நடுவில் கட்டிய தொட்டிலில் தூங்கப் பழகிக்கொண்டது. வரும் ஆட்களே தங்கள் தானியத்தை நிறுத்துக்கொள்ள, தாத்தா ஒரு கண்ணால் தராசையும் ஒரு கண்ணால் தொட்டிலையும் பார்த்துக்கொண்டார். அதிகாரி திரும்பி வரவே இல்லை. வருகிற எண்ணம் அவருக்கு இருந்ததா என்று பெரியம்மாவைக் கேட்டேன். எனக்கு அன்றைக்கே சந்தேகம்தான், அப்பாவிடம் போய் அதைச் சொல்ல நான் என்ன பைத்தியமா என்றார்.

தேர்வு முடிவு வந்த அன்று மில்லில் கூட்டம். பெரியம்மா தேறியிருந்தார், கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. ஹெட்மாஸ்டர் சொல்ல வந்தபோது தாத்தா மெஷினை நிறுத்தினார். சந்தோஷப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சல்லடையைத் தட்டினார், துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி சார், பதினொண்ணாவதுக்கு எத்தனை தலை வேணும்?"

"அதுக்கு இன்னும் கேக்கவே இல்லையேங்க."

"அப்ப கேளுங்க" என்றார் தாத்தா. "ஒரு தலை இங்க இருக்கு."