அந்தோணி அண்ணனைத் தெரு முனை தாண்ட விடாதவள்

அந்தோணி அண்ணன் போய்விட்டார். காலையில் நெஞ்சு வலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

எனக்குப் பக்கத்து வீடு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளைவுட் கடை வைத்திருந்தவர் என்றால் திண்டுக்கல் நண்பர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவார்கள்.

என் மனைவி அங்கே இருக்கிறாள். நான் எங்கள் வீட்டு கேட்டுக்குள். ஒரு கையில் போன், மறு கையில் டெய்சியின் சங்கிலி. அவள் இழுக்கிற இழுப்பில் எழுத்துப்பிழை வந்தால் மன்னிக்கவும்.

டெய்சி எங்கள் நாய். ஆடு மேய்க்கும் ஜாதி. பெங்களூரில் வாங்கி எங்களிடம் விட்டுப்போன மகன், "ரொம்ப அறிவான நாய்ப்பா, வீட்டுக்கு ஏத்தது" என்றான். அறிவுள்ள ஜீவன் வீட்டுக்கு ஏற்றதா என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

"என்ன ஜாதி தம்பி?" என்று கேட்டார் அண்ணன். பார்டர் காலி என்றேன்.

"பார்டர் காலியா? இனி நம்ம தெருவும் காலி."

ஆடு இல்லாத வீட்டில் அவள் ஆட்களை மேய்த்தாள். விருந்தாளிகளைச் சுற்றிச் சுற்றி வந்து அடுப்படிக்குள் சேர்த்துவிடுவாள். குரைப்பதில்லை. தலையைத் தாழ்த்தி ஒரு பார்வை, அவ்வளவுதான்.

அந்தப் பார்வைதான் அண்ணனுக்கு ஆகவில்லை. "கடிச்சா ஊசி போட்டுக்கலாம். பாத்துக்கிட்டே இருக்கே, இதுக்கு எங்கப்பா ஊசி இருக்கு?"

அண்ணனின் மனைவி மெர்சி அக்கா இறந்த பிறகு, சாயங்காலமானால் அவர் பைபாஸ் டீக்கடைக்குப் போய்விடுவார். ஷட்டரை இறக்கும்வரை அங்கேயே. பிள்ளைகள் வெளியூரில்... கேட்க ஆளில்லை.

ஒருநாள் டெய்சி என் கையிலிருந்து சங்கிலியை உருவிக்கொண்டு ஓடி, தெரு முனையில் அவரை மறித்தாள். மீறி ஓர் அடி வைத்தார். குதிகாலில் லேசாக ஒரு கவ்வு. வீட்டுப் பக்கம் திரும்பியதும் விட்டுவிட்டாள்.

மறுநாளும் அதே.

மூன்றாவது முறை வேட்டியைத் தூக்கிக் காலைக் காட்டினார். கீறல்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமைக்கு மேல இது இந்தத் தெருவுல இருந்துச்சு, போலீஸுக்குப் போயிருவேன் பாத்துக்க."

சேவுகம்பட்டியில் ஆட்டுப் பண்ணை வைத்திருக்கும் நண்பரிடம் டெய்சியை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அந்த வாரம் முழுக்க மனைவி என்னோடு பேசவில்லை. டெய்சி மட்டும் எங்கள் இருவரையும் ஒரே அறையில் சேர்த்து வைத்துக் காவல் இருந்தாள்.

ஞாயிறு. காரில் ஏற்றிவிட்டேன். சர்ச்சில் பூசை முடிந்து வந்த அண்ணன் காருக்கு முன்னால் நின்றார். ஹார்ன் அடித்தும் நகரவில்லை.

"எங்க கொண்டு போற?"

"சேவுகம்பட்டிக்குண்ணே. நீங்கதானே சொன்னீங்க... அங்க ஆடு இருக்கு."

"ஆட்டுக்கென்ன, அதுக்கு வீடு தெரியும்."

அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார். "மெர்சிக்கு அப்புறம் என்னைய வீட்டுக்குப் போன்னு சொல்றதுக்கு இந்தக் கழுத ஒண்ணுதான் இருக்கு. எறக்குப்பா."

இறக்கினேன். அவரை அவர் வீட்டு வாசல்வரை ஓட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதுதான்... திட்டும் சேர்த்து.

இப்போது பெட்டியை ஏற்றிவிட்டார்கள். வண்டி தெரு முனையை நெருங்குகிறது. டெய்சி தலையைத் தாழ்த்திவிட்டாள்.

போயிட்டு வாங்கண்ணே. இவளை நான் பிடிச்சுக்கிறேன்.