கடைமடை என்று பெயர் வைத்த நிரல்

கச்சிராயபாளையத்தில் எங்கள் வாய்க்காலில் யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை சொல்ல, புரோலாக் என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினேன். மடை, கடைமடை, முறை என்று பெயர்களெல்லாம் தமிழிலேயே வைத்தேன். வேறு எப்படி வைப்பது? கடைமடைக்கு ஆங்கிலத்தில் எதை எழுதினாலும் எனக்கே பிடிபடாது.

இணையத்தில் ஏற்றியதும், கோப்பைப் பார்த்து அது எந்தக் கணினி மொழி என்று கண்டுபிடிக்கும் கருவி அதைப் பெர்ல் என்ற வேறொரு மொழி என்றது. இரண்டு மொழிகளின் கோப்புப் பெயரும் ஒரே மாதிரிதான் முடியும். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த அக்கா திரையை எட்டிப் பார்த்தாள்.

"நீ எழுதனது இன்னா பாஷைன்னு அதுக்குத் தெரியலியா?"

அந்தக் கருவியை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். உள்ளே போய்ப் பார்த்தேன். வரி ஆங்கில எழுத்தில் தொடங்கினால்தான் புரோலாக் என்று விதி வைத்திருந்தார்கள். முறையிட்டேன். கருவியைப் பராமரிப்பவர்களில் ஒருவர், பெயர்களை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளும்படி மரியாதையாகத்தான் பதில் போட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. புரோலாக்கே ஏற்றுக்கொண்ட பெயரை மறுக்க இந்தக் கருவி யார்? எந்த மொழியின் எழுத்தையும் ஏற்கும்படி அந்த ஒரு விதியைத் திருத்தி, சோதனை மாதிரியாக என் கோப்பையே வைத்து அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள்.

"அப்போ வேல முடிஞ்சிதா?" என்றாள் அக்கா.

என் வேலை முடிந்தது; அந்தக் கோப்பின் வேலை முடியவில்லை. இனி அந்தக் கருவியில் யார் கை வைத்தாலும், என் கோப்பு உட்பட எல்லா மாதிரிகளையும் அது சரியாகச் சொல்கிறதா என்று சோதித்த பிறகே ஏற்பார்கள். எங்கள் கடைமடையை அடையாளம் தெரியாத திருத்தம் எதுவும் உள்ளே போகாது.