ஐஸ் லொறிக்கு ஒரு கேம் ஷாஃப்ட்

பாலையூற்றில் இருக்கும் இன்பமலருக்கு நாற்பத்தாறு வயது. துறைமுகத்தடியில் ஐஸ் கட்டிகளை ஏற்றி, சாம்பல்தீவிலிருந்து புல்மோட்டை வரை மீன்வாடிகளுக்கு இறக்குவது அவள் வேலை. அந்தப் பழைய பெற்றோல் லொறியை முன்பு ஓட்டியவர் கணவர் சோமசேகரம். பாரிசவாதம் வந்து அவரது வலப்பக்கம் விழுந்தபின் லொறி அவள் கைக்கு வந்தது. நான்கு வருடமாக அவள் முதுகு ஆறியதில்லை.

மாசியில் எஞ்சினின் இழுவை குறைந்தது. மெக்கானிக் பாஹிம் திறந்து பார்த்துவிட்டு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது என்றான். வீட்டில் அதைச் சொன்னதும் சோமசேகரத்தின் முகம் தெளிந்தது. படுத்தபடியே இடக்கையால் போனைத் தடவித் தடவி, பந்தய வண்டிகளுக்குப் போடும் ஷாஃப்ட் ஒன்றைத் தேடிப் பிடித்தார்.

"இதைப் போட்டா லொறி பறக்கும்."

அவர் எதையாவது ஆசைப்பட்டுக் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. வாதாட அவளுக்குத் தெம்புமில்லை.

பார்சலைப் பிரித்த பாஹிம் தலையை ஆட்டினான். "அக்கா, இது வேகமா ஓடுற வண்டிக்கு. உங்கட லொறி பாரத்தோட மெல்லமா ஊருறது. கீழ் வேகத்தில இழுக்காது."

"அவர் ஆசைப்பட்டு எடுத்தவர். போடுங்கோ தம்பி."

போட்டபின் லொறி நிற்கும்போதெல்லாம் காய்ச்சல்காரரைப் போல நடுங்கியது. மணல் பாதையில் எஞ்சினை அலறவிட்டால்தான் நகர்ந்தது. மாலையில் அவள் முற்றத்தில் நிறுத்தினால், சோமசேகரம் உள்ளேயிருந்து, "எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட விடும்," என்பார். கால் கடுக்கக் கடுக்க அவள் காத்திருப்பாள்.

ஷாஃப்ட் போட்ட மூன்றாம் வாரம், சாம்பல்தீவுக் கரையில் மெதுவாக இறங்கும்போது பிரேக்கை மிதித்தாள். கல்லை மிதித்ததுபோல இருந்தது. இரண்டு காலாலும் ஏறி மிதித்தாள். லொறி வெறும் மீன்பெட்டிகளை நொறுக்கிக்கொண்டுபோய், வலையைச் சீர்செய்துகொண்டிருந்த மீனவன் திலக்சனுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"அக்கா, என்ன நடந்தது?" அவன் கேட்டபோது அவள் பிரேக்கைக் கைகாட்டினாள்.

பாஹிம் காரணம் சொன்னான். "எஞ்சின் காத்தை உறிஞ்சிற பலத்திலதான் பிரேக் மிதிக்க லேசாகும். இந்த ஷாஃப்ட் மெல்லமா ஓடேக்க அந்த உறிஞ்சலைக் குறைக்குது. நான் அதையும் யோசிச்சிருக்க வேணும். பழைய ஷாஃப்டை விடக் கொஞ்சம் பலம் கூடின ஷாஃப்ட் ஒண்டு இருக்கு. பாரம் இழுக்கும், நிண்டாலும் நடுங்காது."

"அதையே போடுங்கோ." இந்தமுறை அவள் வீட்டில் கேட்கவில்லை.

அன்று மாலை எஞ்சின் அமைதியாக வந்து நின்றது. சோமசேகரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கரையில் நடந்ததை அவள் சொன்னாள். இரண்டு நாள் ஊட்டிய சோற்றை மட்டும் விழுங்கினார். மூன்றாம் நாள்தான் பேசினார்.

"அந்தச் சத்தம் கேட்டா நானே ஓட்டுற மாதிரி இருந்தது."

"தெரியும். ஆனா ஓட்டுறது நான்."

அவர் தலையை அவள் பக்கம் திருப்பினார். "பிரேக் இப்ப சரியோ?"

"ஓம்."

"புல்மோட்டை வரைக்கும் இழுக்குதோ?"

"இழுக்குது," என்றாள். அவர் அடுத்ததைக் கேட்பதற்குள், சோற்றுக் கோப்பையை மடியில் வைத்தபடியே கதிரையில் தூங்கிப்போனாள்.