ஸ்பானிஷ் டவுனும் என் மேசையும்

எழுபதுகளின் நடுவில், சிட்னியில் பிளாக்டவுன் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் படிப்பித்தேன். வேலை நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து என் பாடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

"யாழ்ப்பாணத்திலை மாதிரி நோட்ஸ் சொல்லி எழுதுவிக்காதேங்கோ. பிள்ளையளோட கதையுங்கோ" என்று மனைவி காலையிலேயே எச்சரித்தாள். பன்னிரண்டு வருஷம் படிப்பித்தவனுக்கா புத்தி சொல்கிறாள் என்று எரிச்சல் வந்தது.

வாத்தியார் உள்ளே வந்தால் பிள்ளைகள் எழும்பி நிற்பது எங்கள் ஊர் வழக்கம். சிட்னியில் அதை எதிர்பார்ப்பதை விட்டிருந்தேன். ஆனால் பின்வரிசையில் இன்ஸ்பெக்டரைக் கண்டதும் பழைய பழக்கம் வந்துவிட்டது. அவர்கள் எழும்பட்டும் என்று காத்து நின்றேன். பிள்ளைகள் என்னையே பார்த்தபடி இருந்தார்கள். இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்து ஏதோ எழுதினார். வெட்கமாகப் போய்விட்டது.

பாடம், ஜமேக்காவின் பழைய தலைநகரான ஸ்பானிஷ் டவுன். பதற்றத்தில் மனப்பாடத்தை ஒப்புவித்தேன்: ஸ்பானியர் கட்டியது, ஆங்கிலேயர் பிடித்தது, அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்கள், பிறகு கவர்னரோடு தலைநகர் கிங்ஸ்டனுக்குப் போனது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். கதவோரம் இருந்த ஒரு மாணவி மட்டும் கையை உயர்த்தினாள்.

"கவர்னர் போனால் போகட்டும், சேர். ஊர் ஏன் படுத்தது?"

அது எனக்குத் தெரியாதா? அரசாங்க உத்தியோகத்தை நம்பியே வாழ்ந்த ஊரில் பிறந்தவன் நான். ஒரு அரசாங்கக் கந்தோரை மூடினால் எந்தத் தேத்தண்ணீர்க் கடை முதலில் மூடும் என்று சொல்லிவிடுவேன்.

நோட்ஸை மூடினேன். என் மேசையையும் கதிரையையும் இழுத்து ஜன்னலோரம் போட்டேன்.

"இதுதான் கிங்ஸ்டன் துறைமுகம். சீனி கப்பலேறுவது இங்கே. இனிக் கவர்னரும் இங்கேதான்."

பிள்ளைகள் தாங்களாகவே கதிரைகளை என் பக்கம் திருப்பினார்கள். அவர்களின் தலைகள் மறைத்ததில் கதவோரத்து மாணவிக்கு என் முகம் தெரியவில்லை. அவளைக் கூப்பிட்டேன்.

"நீ ஸ்பானிஷ் டவுன் தையற்காரி. கோர்ட்டுக்கு வந்த தோட்டத் துரைமார் உன்னிடம்தான் கோட் தைத்தார்கள். இனி யார் வருவார்?"

"ஒருவரும் வரமாட்டார்கள். நானும் அங்கே வரட்டா, சேர்?"

"அப்படித்தான் ஊர் காலியானது."

கதிரையை இழுத்துக்கொண்டு அவள் வந்தாள். கரும்பு வெட்டியவனுக்கு எந்த ஊரில் பங்கு என்று இன்னொருவன் கேட்டான். இரண்டிலும் இல்லை என்றேன். வாக்குவாதம் சூடுபிடித்தது.

மணி அடித்தது. வழக்கமாக முதல் ஒலிக்கே கதவை உடைத்துக்கொண்டு ஓடும் கூட்டம் அது. அன்று ஒருவரும் எழும்பவில்லை. இன்ஸ்பெக்டரும் தன் கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பியிருந்தார். இருந்த இடத்திலேயே கையெழுத்தைப் போட்டார்.

பன்னிரண்டு வருஷம் எனக்காக எழும்பி நின்ற பிள்ளைகளிடம்கூட அப்படியொரு மரியாதை எனக்குக் கிடைத்ததில்லை.