மேளத்துக்குப் பின்னால் ஒரு டர்போ கார்

மாங்குளம் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியில் கொஞ்சத் தூரம் போனால் விஜிதரனின் கராஜ். தகரக் கூரை, மண் நிலம், எந்நேரமும் ஒயில் வாசம். கையால் பிடித்து உழும் லாண்ட்மாஸ்டர் வரும், ஓட்டோ வரும், அறுவடைக் காலத்தில் நெல் வெட்டும் மெசின் வாசல் தூணை இடித்துக்கொண்டு வந்து நிற்கும். அவை எல்லாம் சோற்றுக்கு. மூலையில் தார்ப்பாய் போர்த்து நின்ற வெள்ளைக் கார்தான் அவனுக்கு.

அந்தக் கார் அவனிடம் வந்தது ஒரு எருமையின் புண்ணியத்தில். கொழும்புப் பக்கத்து மனிதர் ஒருவர் ஏ9 வீதியில் அதைப் பறக்கவிட்டு வந்தார். புளியங்குளத்துக்கு இந்தப் பக்கம் எருமை குறுக்கே வந்தது. எருமை உதறிக்கொண்டு எழும்பிக் காட்டுக்குள் போய்விட்டது. காருக்கு முகமே இல்லாமல் போயிற்று. மனிதர் அதைத் திரும்பியும் பார்க்காமல் விற்றுவிட்டு பஸ் ஏறினார். விஜிதரன் அதைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்த அன்று, அவனுடைய அம்மா வடிவம்மா திருநீறு பூச வந்தவ, எந்த இடத்தில் பூசுவது என்று தெரியாமல் கதவில் பூசிவிட்டுப் போனா.

எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு லீற்றர், டர்போ. கியர்பெட்டிக்குள் இரண்டு கிளச். ஒரு கிளச் ஒரு கியரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே, மற்றது அடுத்த கியரை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். கியர் மாறுவது காதுக்குத்தான் தெரியும், உடம்புக்குத் தெரியாது. கட்டாரில் வேலை செய்த காலத்தில் விஜிதரன் கைவிட்டுப் பார்த்ததெல்லாம் இப்படிப்பட்ட வண்டிகளின் வயிற்றுக்குள்தான். ஆனால் அவை ஷேக்குமாருடையவை. இது அவனுடையது.

மூன்று வருசம் அதோடு மாரடித்தான். டர்போவிலிருந்து வரும் சூட்டுக் காற்றை ஆற்ற முன்னுக்குப் பெரிய இன்டர்கூலர் வைத்தான். புகைக்குழாயை அகலமாக்கினான். கொம்பியூட்டருக்குள் புகுந்து எஞ்சினின் பலத்தைக் கூட்டினான். கூடின பலத்தைத் தாங்க, கியர்பெட்டியைக் கழற்றித் தடித்த கிளச் தட்டுகள் போட்டான். ஞாயிறு விடிய, பொலிஸ்காரர் தேத்தண்ணி குடிக்கப் போகும் நேரம் பார்த்து, புளியங்குளம் வரைக்கும் ஒரு இழுவை இழுப்பான். வவுனியாவில் ரயர்க்கடை வைத்திருக்கும் அவனுடைய சிநேகிதன் நவ்பர் பக்கத்தில் இருந்து, சீற்றைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஓதல் எல்லாவற்றையும் ஓதி முடிப்பான்.

அவனுடைய அப்பா பழனியாண்டி மட்டும் அந்தக் காரில் ஏறியதே இல்லை. சின்ன வயதில் மலைநாட்டிலிருந்து கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர். பிறர் வயல்களில் பிறர் மாடுகளுக்குப் பின்னால் நடந்தே ஒரு குடும்பத்தை நிமிர்த்தியவர். கேட்டால், "எனக்குக் காலு இருக்குடா" என்பார். விஜிதரனுக்கு அது உள்ளுக்குள் வலிக்கும். காரை அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தான்.

இதற்கிடையில் ஒலுமடுவில் அவனுக்குப் பெண் சரிவந்தது. சுகந்தினி, விவசாய அலுவலகத்தில் வேலை, ஸ்கூட்டரில் வயல் வயலாகத் திரிகிறவள். கராஜில் ஸ்கூட்டரைத் திருத்தக் கொடுத்துவிட்டு, பிறேக்கை இவன் சரியாகப் பூட்டவில்லை என்று சண்டை பிடித்தவள். பிறகு பார்த்தால் அவள் சொன்னதுதான் சரி. அந்தச் சண்டையைத்தான் இரண்டு வீட்டாரும் நாள் பார்த்து ஆவணிக்கு நிச்சயம் செய்தார்கள்.

வினை வைகாசியில் வந்தது. சிநேகிதன் லக்ஷனுடைய கலியாணம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு விஜிதரனின் கார்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். இவனுக்கும் உச்சி குளிர்ந்து போயிற்று. காரை மினுக்கி, பொனட்டில் பூமாலை போட்டு, தானே ஓட்டினான். கோயிலடியிலிருந்து மண்டபம் வரை ஒரு மைல் தூரம். முன்னுக்கு நாதஸ்வரமும் தவிலும், அதற்குப் பின்னால் சனம், அதற்குப் பின்னால் கார்.

நம்முடைய ஊர்களில் கலியாணக் கார் ஓடுவதில்லை, நடக்கும். அதையும் ஒழுங்காக நடக்க விடமாட்டார்கள். கும்பம் வைத்த ஒவ்வொரு வாசலிலும் மேளம் நிற்கும், தவில்காரருக்கு உசார் வந்தால் பின்னும் நிற்கும். விஜிதரனோ மூன்று வருசமாக அந்தக் காருக்கு ஓடத்தான் பழக்கியிருந்தான். நடை வேகத்தில் தடித்த கிளச் பிடிப்பதும் விடுவதுமாக வழுக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் கார் குதித்தது, லக்ஷனின் தலைப்பாகை கண்ணுக்கு மேல் இறங்கியது. பாதி வழியில் கியர்பெட்டி ஒயில் கொதித்து, திரையில் சிவப்பு எழுத்து விழுந்து, கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கியரைக் கழற்றிவிட்டு நின்றுவிட்டது. அதன் பிறகு அசையவே இல்லை.

முகூர்த்தம் போகிறது. சனம் இருக்கக் கதிரை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்த லாண்ட்மாஸ்டர் பெட்டியில், கதிரைகளுக்கு நடுவில், பட்டு வேட்டியோடு லக்ஷன் ஏறிப் போனான். லாண்ட்மாஸ்டர் டக் டக் என்று ஒரு குறையும் சொல்லாமல் மண்டபம் வரை போய்ச் சேர்ந்தது. விஜிதரன் பூமாலை போட்ட காருக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றான். அன்று பின்னேரத்துக்குள், யாரோ போனில் எடுத்த வீடியோ ஒலுமடு வரைக்கும் போய்விட்டது.

சுகந்தினியின் தாயார் அடுத்த நாளே போன் எடுத்தா. "தம்பி, குறை நினைக்காதேங்கோ. வாடகைக்கு ஒரு நல்ல கார் பிடியுங்கோ. எங்கட வாசல்லை சனம் சிரிக்கக் கூடாது."

பிறகு சுகந்தினி எடுத்தாள். "நீங்கள் சைக்கிள்லை வந்தாலும் எனக்குச் சரி. ஆனால் நடு றோட்டிலை கார் நிண்டு, நீங்கள் பட்டு வேட்டியோடை அதுக்குக் கீழை பூந்தால், நான் மணவறையிலை இருந்து எழும்பிப் போயிடுவன்."

"பூரமாட்டன்" என்றான் விஜிதரன்.

"உங்களைப் பற்றி எனக்குத் தெரியும்" என்றாள் அவள்.

வாடகைக் கார் பிடிப்பது என்று மனதைத் தேற்றிக்கொண்டுதான் சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனான். கடைக்காரர் ஐயாத்துரை கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார். "என்ன தம்பி, கார் திருந்திட்டுதோ? கொப்பர் மாசக்கணக்கா இதிலை இருந்து சொன்னவர், தன்ர பிள்ளை சொந்தக் காரிலைதான் பொம்பிளை வீட்டு வாசல்லை போய் இறங்குவானெண்டு. இங்கை கேக்காத ஆள் இல்லை."

விஜிதரன் தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டான். ஏறாத காரைப் பற்றி அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறார், வீட்டில் ஒரு வார்த்தை இல்லை. லக்ஷனுடைய கலியாணத்துக்குப் பிறகு அவர் கடைப்பக்கம் போகாததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. வாடகைக் கார் என்ற பேச்சை அதோடு விட்டான்.

மூன்று வருசமாக வேகத்துக்காகச் செய்த கைவேலையை அவன் இப்போது மெதுவுக்காகச் செய்யத் தொடங்கினான். கியர்பெட்டியை மறுபடி இறக்கினான். தடித்த தட்டுகளைக் கழற்றிவிட்டு, அலுமாரியில் பேப்பர் சுற்றி வைத்திருந்த பழைய தட்டுகளைப் போட்டான். அவை மென்மையாகப் பிடிக்கும், ஆனால் கூட்டிய பலத்தைத் தாங்காது. ஆகவே எஞ்சினின் பலத்தையும் குறைக்க வேண்டியதாயிற்று. கியர்பெட்டி ஒயிலை ஆற்றத் தனியாக ஒரு கூலர் வைத்து, அதற்கு ஒரு காற்றாடியும் பூட்டினான்.

நவ்பர் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "மச்சான், ஆக்கள் காரை ஓட வைக்கத்தான் செலவழிப்பாங்க. நீ ஓடுற காரை நடக்க வைக்கிறாய்."

"நடந்தால் காணும்."

"ஞாயிற்றுக்கிழமை?"

"ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொள்ளுவம்."

சொல்லும்போது அவனுக்கும் கொஞ்சம் கவலைதான். கழற்றிய தட்டுகளைத் துடைத்துத் துடைத்து வைத்தான்.

இனிப் பழக வேண்டும். மேளத்தை எங்கே பிடிப்பது? கச்சு முகம்மதுவின் மாட்டுப்பட்டிதான் கைகொடுத்தது. முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து போய், திரும்பி வந்து, மாடு வளர்த்துப் பிழைக்கிற மனிதர். பின்னேரத்தில் பட்டியை வீதியோரமாகச் சாய்த்துக்கொண்டு வருவார். விஜிதரன் அதற்குப் பின்னால் காரை விட்டான். முதல்நாள் காற்றாடிச் சத்தத்தில் ஒரு நாம்பன் மாடு மிரண்டு வேலி பாய்ந்தது.

"என்ன தம்பி, என்ட மாட்டுக்குப் பின்னால பொலிஸ் மாதிரி வாறாய்?" என்று அவர் கண்ணாடியில் தட்டினார்.

"கலியாண ஊர்வலத்துக்குப் பழகிறன், காக்கா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இது காணாது. மாடு புல்லுக்கு மட்டும்தான் நிக்கும். ஆக்கள் போட்டோவுக்கும் நிப்பினம்."

பழைய தட்டு போட்டும் சூடு ஏறத்தான் செய்தது. விஜிதரன் மாடுகளைப் பார்த்தான். அவை ஊர்ந்து போகவில்லை. நாலடி நடந்தன, நின்றன, கடித்தன, பிறகு மறுபடி நாலடி நடந்தன. இவன்தான் அவற்றை ஒட்டிக்கொண்டு ஊர்ந்தான், அதுதான் பிழை. பிறேக்கை முழுதாக மிதித்து நின்றால் கிளச் விட்டுவிடும், ஒயில் ஆறும். இடைவெளி விழுந்தபின் ஒரே பிடியில் போய், மறுபடி முழுதாக நிற்க வேண்டும். இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவர ஆடி முழுதும் போயிற்று. மாப்பிள்ளை தானே கார் ஓட்ட முடியாது என்பதால், நவ்பரையும் வவுனியாவிலிருந்து வரவழைத்து மாட்டுக்குப் பின்னால் விட்டான். நவ்பருக்குப் பொறுமை என்ற சாமானே கிடையாது. ஆனாலும் சிநேகிதனுக்காகப் பழகினான்.

கலியாணத்தன்று வெயில் காலையிலேயே கொளுத்தியது. ஒலுமடுப் பிள்ளையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு விஜிதரன் பின்சீற்றில் ஏறினான். பக்கத்தில் தோழனாகச் சுகந்தினியின் தம்பி நிரஞ்சன். முன்னுக்கு நவ்பர். வடிவம்மா பெண்களோடு தட்டம் ஏந்தி முன்னால் நடந்தா. பழனியாண்டியை மட்டும் காணவில்லை. பார்த்தால், புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, கையில் ஒரு தண்ணீர்க் கானோடு காருக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"அப்பா, ஏறுங்கோ. இதுக்குத் தண்ணி விடுறேல்லை, சூடு ஏறுறது கியர்பெட்டியிலை."

"இருக்கட்டும்டா. நீ மாப்பிள்ளை, பேசாம உக்காரு."

மேளம் தொடங்கியது. கார் நாலடி போனது, நின்றது. சனத்தில் பாதிப்பேர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, போனைத் தூக்கிப் பிடித்துக் கார் எப்போது நிற்கும் என்று பார்த்தார்கள். விஜிதரன் எவர் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் கண் முழுக்கத் திரையில் இருந்த சூட்டு இலக்கத்தில். பெண் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் தவில்காரருக்கு உசார் வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர் விடவில்லை. இருவரும் எதிரெதிராக நின்று வாசித்தார்கள், சனம் வளைத்துக்கொண்டது. பின்னால் இருந்து ஆட்கள் நெருக்க, முன்னால் இருந்து வீடியோக்காரர் "வாங்கோ, கொஞ்சம் கிட்ட வாங்கோ" என்று கையை ஆட்டினார். நவ்பரின் கால் பிறேக்கிலிருந்து மெல்ல இளகியது. கார் ஊரத் தொடங்கியது. இலக்கம் ஏறியது.

விஜிதரன் இரண்டு சீற்றுக்கும் நடுவால் தலையை நீட்டினான். "நவ்பர், நில். மாடு நிக்குது."

நவ்பர் சட்டென்று முழுதாக மிதித்தான். நிரஞ்சன் திகைத்துப் போய் வீதியில் மாட்டைத் தேடினான். "அத்தான், தலைப்பாகை சரியுது" என்று மட்டும் சொன்னான்.

காற்றாடி இரைந்தது. நாதஸ்வரக்காரரே ஒருமுறை திரும்பிப் பார்க்குமளவு இரைந்தது. பழனியாண்டி பொனட்டின் மேல் கையை வைத்தார். மிரண்ட மாட்டைத் தடவிக் கொடுப்பதுபோல வைத்தபடியே நின்றார். விஜிதரன் கண்ணாடிக்கூடாக அந்தக் கையைப் பார்த்தான். இலக்கம் ஏறாமல் நின்றது, பிறகு மெல்ல இறங்கியது. மேளம் நகர்ந்தது. கார் ஒரே பிடியில், குதிக்காமல், வாசல் வரைக்கும் போய் நின்றது. போன்களைத் தூக்கிப் பிடித்தவர்களுக்குக் காட்ட ஒன்றும் கிடைக்கவில்லை.

வாசலில் சுகந்தினியின் தாயார் ஆலாத்தித் தட்டத்தோடு நின்றா. காரையும் பார்த்தா, அவனையும் பார்த்தா, அவவின் முகம் தெளிந்தது. விஜிதரன் இறங்கினான். நிரஞ்சன் செம்பெடுத்து முறைப்படி அவனுடைய காலைக் கழுவினான், மாப்பிள்ளை போடும் மோதிரத்துக்குக் கையை நீட்டினான். எல்லாரும் உள்ளே போகத் திரும்பினார்கள். பழனியாண்டி மட்டும் வரவில்லை.

அவர் காருக்கு முன்னால் குந்தியிருந்தார். கானைச் சரித்து, வலது முன்சில்லில் தண்ணீரை ஊற்றி, ஒட்டியிருந்த செம்மண்ணை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியார், நேரம் போகுது, வாங்கோ" என்று சுகந்தினியின் தாயார் கூப்பிட்டா.

"இந்தா வந்துட்டேம்மா" என்றார் பழனியாண்டி. "நம்ம கூடவே நடந்து வந்துருக்கு. அதுக்கும் காலைக் கழுவி விடணும்ல."

பிறகு எழும்பி, மிச்சத் தண்ணீரோடு மற்றச் சில்லுக்குப் போனார். விஜிதரன் வாசலிலேயே நின்று, அவர் கழுவி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, அப்பாவோடு சேர்ந்து உள்ளே போனான்.