வாசலில் எத்தனை ஜோடி

அரசுக் குடியிருப்பில் வாடகை உதவி வாங்குகிறவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் செருப்பு சார். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவர் முதல் படியில் கால் வைப்பதற்குள் அந்தப் பெயர் மூன்றாம் மாடிக்குப் போய்விடும். அவருக்கும் இது தெரியும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

அவர் வருமானச் சரிபார்ப்பு அலுவலர். ஒரு வீட்டில் இருக்கிற எல்லாருடைய சம்பளத்தையும் கூட்டினால் வரம்புக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பது வேலை. அடங்காவிட்டால் உதவி நின்றுவிடும். உதவி நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். மற்ற அலுவலர்கள் சம்பளச் சீட்டைப் புரட்டி மண்டையை உடைத்துக்கொள்ள, இவர் மணியை அழுத்தும் முன் வாசலில் குனிந்து எண்ணிவிடுவார்.

"காகிதம் ஆயிரம் சொல்லும். செருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பார்.

விண்ணப்பத்தில் மூன்று பேர், வாசலில் நாலு ஜோடி என்றால் கதை முடிந்தது. ஒருமுறை ஒரு சமையல்கார அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அது என் தம்பியோடது சார். விருந்தாளியா வந்திருக்கான்."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

"விருந்தாளின்னா திரும்பிப் போறவன்மா. போகாதவன் குடும்ப உறுப்பினர்."

அந்த மாதமே அவளுக்கு உதவி நின்றது. மேலதிகாரிக்கு இந்த வாக்கியமும் செருப்புக் கணக்கும் ரொம்பப் பிடித்துப்போயின. படிவத்தில் பதினாலாவது கட்டமாக 'வாசலில் உள்ள காலணிகள், ஜோடிக் கணக்கில்' என்று புதிதாகச் சேர்த்தார்கள். சம்பாதிக்கிறவர்கள் வேலைக்குக் கிளம்பும் முன், காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய் நிற்க வேண்டும் என்ற யோசனையும் இவருடையதுதான். குடியிருப்புக்காரர்கள் விவரம் தெரிந்து செருப்புகளை உள்ளே எடுத்து வைத்தபோதும் அவர் அசரவில்லை. நாலு பேர் இருக்கிற வீட்டில் ஒரு ஜோடிகூட வெளியே இல்லையென்றால் அதற்கு 'மறைக்க முயற்சி' என்று எழுதினார். இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம்.

இத்தனை பெரிய நியாயஸ்தர் தங்கியிருந்தது அக்கா வீட்டில். மனைவியோடு வாய்ச்சண்டை முற்றி, 'ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்' என்று ஒரு பையோடு வந்தவர். வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. அக்கா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளும் அரசுக் குடியிருப்பில்தான், வாடகை உதவியில்தான் இருந்தாள். அந்தப் பகுதி வேறு அலுவலருடையது. அவளுடைய விண்ணப்பத்தில் இருப்பவர் ஒருவர். தம்பியின் சம்பளத்தைச் சேர்த்தால் வரம்பு எங்கோ கீழே நின்றுவிடும்.

அதைப் பற்றி அவர் யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் தினமும் தன் காலணியைப் பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினார். மற்றவர்கள் செய்தால் ஏமாற்று வேலை, தான் செய்தால் முன்ஜாக்கிரதை. சாப்பிடும்போது அன்றைக்குப் பிடிபட்டவர்களின் கதைகளைச் சுவையாகச் சொல்வார். சமையல்கார அம்மாவின் கதையையும் சொன்னார். அன்று அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

ஒரு காலை அவர் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வெளியே வந்தார். இடுப்பில் துண்டு மட்டும். முன்கதவு திறந்திருந்தது. கண் தானாக வாசலுக்குப் போனது. அக்காவின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் கறுப்பு வார் வைத்த இன்னொரு ஜோடி.

வருஷக்கணக்கான பழக்கம் சும்மா விடுமா? அலுவலகக் குரல் அப்படியே வந்துவிட்டது.

"விண்ணப்பத்துல ஒரு ஆள்தானே? ரெண்டு ஜோடி இருக்கே. இது யாரோடது?"

"என்னோடது சார்" என்றது சமையலறையிலிருந்து ஒரு குரல்.

அலுவலகத்தில் இவருக்கு அடுத்த மேசையில் உட்காரும் பெண் அலுவலர் கையில் படிவத்தோடு வெளியே வந்தார். பின்னால் அக்கா. குழாய்ச் சத்தத்தில் இவருக்கு மணி அடித்தது கேட்கவில்லை. மணி சரியாக ஏழேகால்.

அந்த அம்மாள் துண்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். பேனா பதினாலாவது கட்டத்தில் நின்றது.

"உங்களோடது எங்க சார்?"

ஆயிரம் வாசலில் இவரே கேட்ட கேள்வி அது. பதில் சொல்ல முடியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அக்கா உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் இருந்த பையை இழுத்து வந்து, காலணியை எடுத்து வாசலில் வெளிப்பக்கம் பார்க்க வைத்தாள்.

"என் தம்பிதாம்மா. விருந்தாளி. இன்னைக்குக் கிளம்புறான்."

"அக்கா, நான் எங்கக்கா போவேன்?"

"நீதானேடா சொன்னே, விருந்தாளின்னா திரும்பிப் போறவன்னு. சட்டையைப் போட்டுட்டு வா."

அலுவலர் அம்மாள் அவசரப்படவில்லை. செருப்பு சார் சட்டை போட்டு, பையைத் தோளில் மாட்டி, காலணிக்குள் கால் நுழைத்து, படியிறங்கி, கடைசிப் படியின் சத்தமும் ஓயும் வரை காத்திருந்தார். பிறகு தன் செருப்பைப் போட்டுக்கொண்டு, குனிந்து எண்ணி, ஒன்று என்று எழுதினார்.